ஜிம்னி வந்த பிறகும் ஏன் பழைய ஜிப்சி? 2004 கிங் ஒண்ணு வாங்கலாமா?

தாண்டிக்குடி_காபி:

வணக்கம். தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம். தார் ரோடு முடியிற இடத்துல இருந்து தோட்டத்து வீடு வரைக்கும் 6 கி.மீ. மண் பாதை. நடுவுல ரெண்டு ஓடை, ஒரு செங்குத்தான ஏத்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில சாதாரண ஜீப்பு வாடகைக்கு வரவே யோசிக்கிறாங்க.

2004 மாடல் மாருதி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் வச்ச என்ஜின்), சாஃப்ட் டாப் (துணிக் கூரை) ஒண்ணு விலைக்கு வருது. வீட்டுல எல்லாரும் மாருதியோட புது ஜிம்னி எடுக்கச் சொல்றாங்க. ஆனா ஜிப்சி வச்சிருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் விக்க மாட்டேங்குறாங்க. ஏசி இல்ல, ஸ்டீயரிங் கல்லு மாதிரி, பின் சீட்டுல உக்காந்தா இடுப்பு போயிடுது. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாசம்? பழசு மேல இருக்கிற ஆசை மட்டும்தானா, இல்ல வண்டியிலயே விஷயம் இருக்கா? வாங்குறதா இருந்தா எதையெல்லாம் பாக்கணும்?

கமான்_பட்டை:

வண்டியிலயே விஷயம் இருக்கு நண்பரே. பாசம் அதுக்கப்புறம் வர்றது.

முதல்ல எடை. சாஃப்ட் டாப் ஜிப்சி 985 கிலோ. அஞ்சு கதவு ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டி வரும், இப்போ விக்கிற மஹிந்திரா தார் அதைவிட அரை டன் கூட. காஞ்ச ரோட்டுல இந்த வித்தியாசம் பெருசாத் தெரியாது. சேத்துல இறங்கினாத்தான் தெரியும். வண்டி எவ்வளவு கனமோ டயர் அவ்வளவு புதையும், புதைஞ்ச டயரை வெளிய எடுக்க அவ்வளவு சக்தி வேணும். ஜிப்சிக்கு 80 குதிரைசக்தி போதுமா இருக்குறது இதனாலதான். மாட்டிக்கிட்டாலும் தோட்டத்து ஆளுங்க நாலு பேர் கைவச்சுத் தள்ளினா நகர்ற வண்டி அது.

அடுத்தது அகலம். 1,540 மி.மீ. தான். உங்க மாதிரி தோட்டப் பாதையில ஒரு பக்கம் மண் திட்டு, ஒரு பக்கம் சரிவுன்னு இருக்கும். தார் 1,820 மி.மீ. ஒரு சாண் இடம் கூட இருந்தா சரிஞ்சு கிடக்குற ஓரத்துல சக்கரம் வைக்காம போகலாம். இதை எந்த விளம்பரத்துலயும் பாக்க முடியாது. ஆனா மலையில ஓட்டுறவங்க முதல்ல பாக்குறது இதைத்தான்.

ஆனா நான் முக்கியமா நினைக்கிறது வேற. இந்த வண்டியைக் கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கலாம். அடியில படுத்துப் பாருங்க. ஏணி மாதிரி ஒரு சேஸ். முன்னாடியும் பின்னாடியும் ஒத்தை இரும்புக் குழாய் மாதிரி ஆக்சில், அதைத் தாங்கிக் கமான் பட்டை. என்ஜினுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் தனியா தொங்குற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகுது. அதுல இருந்து முன் ஆக்சிலுக்கு ஒண்ணு, பின் ஆக்சிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட். கதை அவ்வளவுதான். உங்களுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு லீவர், சில பல்சக்கரம், கொஞ்சம் எண்ணெய்.

அதனால ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகவரி இருக்கு. ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போது அடியில 'டொம்'னு அடிச்சா ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட்டோட மூட்டு) தேஞ்சிருக்கு, இல்லன்னா டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிடிச்சிருக்கிற ரப்பர் மவுன்ட் கிழிஞ்சிருக்கு. முன் சக்கர ஹப்பை (சக்கரத்தை ஆக்சிலோட இணைக்கிற, கையால திருப்புற பூட்டு) லாக் பண்ணி வளைக்கும்போது 'டக் டக்'னு வந்து, ஹப்பை ஃப்ரீ பண்ணினதும் அடங்கினா முன் ஆக்சில் ஜாயின்ட். வேகம் பிடிக்கும்போது கேக்காம, காலை எடுத்ததும் பின்னாடி ஊளையிட்டா கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடி). ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே போனா கோளாறு இருக்கிற இடம் தானா தெரிஞ்சிடும். ஸ்கேனர் வேணாம், கம்பெனிக்குக் கட்டி இழுத்துட்டுப் போக வேணாம். சிக்னலே இல்லாத காட்டுல ஒருத்தனுக்கு இது குடுக்குற தைரியம் இருக்கே, அதுதான் அவனை விக்க விடாது.

பார்ட்ஸ் கதையும் இதோட சேர்ந்ததுதான். 1985 டிசம்பர்ல 970 சிசி, 45 குதிரைசக்தின்னு வந்தது. 1993-ல சக்கர இடைவெளியை அகலமாக்கினாங்க. 1996-ல கிங், 1,298 சிசி. 2000-ல நீங்க பாக்குற 16 வால்வு எம்பிஎஃப்ஐ. முப்பது வருசத்துக்கு மேல அடிப்படை அப்படியே இருந்ததால ஒரு வருச மாடலோட சாமான் இன்னொண்ணுல உக்காருது. என்ஜின் எஸ்டீம் கார் குடும்பம். அதனால சென்னை புதுப்பேட்டையில தேடினா கிடைக்காத என்ஜின் சாமான் கம்மி.

மழைச்சாரல்:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும், ஏன்னா கேக்குறவர் குடும்பத்தோட போகப்போறவர்.

ஏபிஎஸ் இல்லை. ஏர்பேக் இல்லை. பின்பக்கம் எதிரெதிர் பெஞ்சு சீட்டு, குழந்தைகளை உட்கார வைக்க ஏற்ற இடம் இல்லை. வத்தலக்குண்டு போகும் ரோட்டில் 70-80 வரைக்கும் ஓட்டலாம். அதற்கு மேல் போய் அவசரமாகப் பிரேக் அடித்தாலோ திடீரென்று ஒடித்தாலோ வண்டி சொன்னபடி கேட்காது. உயரமான, குட்டையான, கமான் பட்டை வண்டியின் இயல்பு அது.

காட்டுப் பாதையிலும் ஜிப்சி எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல மாட்டேன். ஜிப்சியின் லோ ரேஞ்ச் (4L, மெதுவாக அதிக இழுவையோடு போக), சாதாரண ஹை ரேஞ்சைவிட (4H) வேகத்தை 1.6 மடங்குதான் குறைக்கும். ஜிம்னியில் அது 2 மடங்கு, அதனால் இறக்கத்தில் இன்னும் மெதுவாக, பிரேக் தொடாமல் இறங்கும். ரெண்டாவது, ஜிப்சியில் முன்னும் பின்னும் திறந்த டிஃபரென்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுத்த விடும் பல்சக்கரத் தொகுதி). முன் சக்கரம் ஒன்றும் குறுக்கே எதிர்மூலையில் பின் சக்கரம் ஒன்றும் தரையை விட்டுத் தூக்கினால், தூக்கின சக்கரம் ரெண்டும் சும்மா சுத்தும், தரையில் இருக்கிற ரெண்டும் அசையாது. 4L போட்டும் வண்டி நிற்கும். ஜிம்னி அந்தச் சமயத்தில் சுத்துகிற சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் போட்டு சக்தியை மறுபக்கம் தள்ளும். கமான் பட்டை கெட்டியாக இருப்பதால் ஜிப்சியில் சக்கரம் தூக்குவதும் அதிகம்.

ஜிப்சி நல்ல வண்டிதான். இதெல்லாம் தெரிந்து, ஓட்டுகிறவர் தன் கையால் ஈடுகட்ட வேண்டிய வண்டி. அப்படி ஈடுகட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பேனர்_செட்:

தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பெயின்ட்டு பளபளப்பைப் பாக்காதீங்க.

துருதான் முதல் எதிரி. என்ஜினை எப்ப வேணா இறக்கிச் செஞ்சுக்கலாம், சேஸ் உளுத்துப் போயிருந்தா காசு எல்லாம் டிங்கரிங்குக்கே போகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க. கைப்பிடிப் பக்கத்தால தட்டிக்கிட்டே வாங்க: முன் சீட்டு கால் வைக்கிற தளம், கண்ணாடி ஃப்ரேமோட அடி விளிம்பு, பாடியைச் சேஸோட பிணைக்கிற மவுன்ட், பின்பக்க மூலை, கமான் பட்டை சேஸ்ல தொங்குற ஷாக்கிள் இடம். நல்ல இரும்பு 'கிண்'ணுனு கேக்கும். உளுத்தது மொத்தையா சத்தம் குடுக்கும், கூர்முனையால அழுத்தினா உள்ள போகும். தளத்து மேட்டை (மிதியடியை) தூக்கிப் பாக்காம தளத்தை நம்பாதீங்க, மேல தகடு ஒட்டி அடியில ஓட்டையை விட்டிருப்பாங்க. ஷாக்கிள் இடத்துல வெல்டிங் மேல வெல்டிங் இருந்தா அந்த வண்டி வேணாம்.

அடுத்து முன் சக்கரம். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்குங்க. மேலயும் கீழயும் (12 மணி, 6 மணி) பிடிச்சு ஆட்டுங்க. ஆடுதுன்னா ஒருத்தரை பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், டைட் வச்சே சரி பண்ணலாம். பிரேக் பிடிச்சும் ஆடினா கிங்பின் (முன் சக்கரம் ஒடிஞ்சு திரும்புற அச்சு) பேரிங். இந்தப் பேரிங் தேஞ்சாத்தான் 50, 60-ல ஒரு குழியில விழுந்ததும் ஸ்டீயரிங் கையில நிக்காம உதறும். நிறைய பேர் ஸ்டீயரிங் டேம்பரை மாத்திட்டு சரியாயிடுச்சும்பாங்க. டேம்பர் உதறலை மறைக்கும், அவ்வளவுதான். கிங்பின் பேரிங்கை ரெண்டு பக்கமும் சேத்து மாத்தி, ஷிம் (மெல்லிய தகடு) வச்சு இறுக்கத்தைச் சரி பண்ணணும். சும்மா போல்ட்டை முறுக்கிவிட்டா வேலை ஆகாது. கூடவே டை ராடு எண்டையும் பாத்துடுங்க.

ஃபோர் வீல் நிஜமா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி. பின் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. முன் சக்கரம் ஒண்ணை மட்டும் தூக்குங்க. ரெண்டு ஹப்பும் ஃப்ரீல இருக்கும்போது அந்தச் சக்கரம் கையால லேசா சுத்தணும். இப்ப ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணி, என்ஜினை நிறுத்தி, கியர்ல போட்டு, லீவரை 4H-க்கு கொண்டு வாங்க. இப்ப அது சுத்தக் கூடாது. சுத்தினா ஹப் பிடிக்கல, இல்ல உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு. அடுத்த பக்கத்தையும் இதே மாதிரி பாருங்க. ரொம்ப வருசமா ஹப்பைத் திருப்பாமலே வச்சிருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு இறுகிக் கிடக்கும். கழட்டி மண்ணெண்ணெயில கழுவி புது கிரீஸ் லேசா தடவினா பெரும்பாலும் சரியாகும். அதிகமா அப்பினாலும் ஹப் மாட்டிக்கும்.

ஏத்தத்துல 4L-ல போகும்போது லீவர் தானா நியூட்ரலுக்கு வந்து விழுதான்னு ஓட்டிப் பாக்கணும். விழுந்தா முதல்ல டிரான்ஸ்ஃபர் மவுன்ட் மூணையும் பாருங்க. ரப்பர் செத்துப்போனா கேஸ் முறுக்கிக்கிட்டு லீவரை இழுத்து விட்டுடும். மவுன்ட் சரியா இருந்தும் விழுதுன்னா உள்ள லாக் ஸ்பிரிங், இல்ல பேரிங். அது கேஸைப் பிரிக்கிற வேலை, விலையில குறைக்கச் சொல்லலாம்.

வாங்கின உடனே எண்ணெய் எல்லாத்தையும் மாத்திடுங்க, பழைய ஆள் என்ன ஊத்தினார்னு தெரியாது. கியர்பாக்ஸ் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8, முன் கிரவுன் 2, பின் கிரவுன் 1.5. எப்பவுமே ஊத்துற பிளக்கை முதல்ல கழட்டுங்க, அப்புறம் வடிக்கிற பிளக். ஊத்துற பிளக் துருப்பிடிச்சுக் கழலலைன்னா, எண்ணெயை வடிச்சிட்டு முழிக்க வேண்டி வரும். அளவைவிட, ஊத்துற துளையோட கீழ் விளிம்புல எண்ணெய் வந்து நிக்கிறதுதான் கணக்கு. வடியிற எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. டைமிங் பெல்ட் மாத்தின ரசீது இல்லன்னா மாத்தவே இல்லன்னு வச்சுக்கிட்டு மாத்திடுங்க.

தாண்டிக்குடி_காபி:

ரொம்ப நன்றிண்ணே. நேத்து போய்த் தட்டிப் பாத்தேன், சேஸ் நல்லா இருக்கு, தளத்துல மட்டும் டிரைவர் பக்கம் உள்ளங்கை அளவு ஓட்டை. மூணு சந்தேகம்.

1. வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கறுப்பா தண்ணி மாதிரி வடிஞ்சிருக்கு. விக்கிறவர் கிரீஸ்தான், ஒண்ணுமில்லங்குறார்.
2. 235 டயர் போட்டா ஓடையில நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொல்றார்.
3. இப்போ வர்ற இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஒத்துக்குமா?

ஸ்பேனர்_செட்:

கிரீஸ் கெட்டியா இருக்கும் தம்பி, வடியாது. சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற அந்த முன் நக்கிள் உருண்டைக்குள்ள கிரீஸ்தான் இருக்கணும். ஆக்சில் குழாய்க்குள்ள இருக்கிற உள் சீல் காஞ்சு போனா கிரவுன் எண்ணெய் அந்த உருண்டைக்குள்ள வந்து கிரீஸைக் கரைச்சு, வெளி சீல் வழியா கறுப்பா ஒழுகும். வெளி சீலை மட்டும் மாத்தினா ஒரு மாசத்துல திரும்ப ஒழுகும். உள் சீலை மாத்தணும், உருண்டையைச் சுத்தமாக் கழுவணும், சிவி ஜாயின்ட்டுக்கு உண்டான மாலிப்டினம் கிரீஸ் வைக்கணும். அப்படியே ஆக்சில் மேல இருக்கிற பிரீதரை (காத்துப் போக்குத் துளையை) பாருங்க. மண் அடைச்சிருந்தா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிடும். எப்படியும் பிரிக்கிறதால கிங்பின் பேரிங்கையும் அன்னைக்கே பாத்துடுங்க, கூலி ஒண்ணுதான்.

உங்களுக்கு ரெண்டு ஓடை இருக்குறதால பிரீதர் இன்னும் முக்கியம். ஓடிவந்த சூட்டோட ஆக்சில் குளிர்ந்த தண்ணில இறங்கினதும் உள்ள காத்து சுருங்கும். எங்க வழி கிடைக்குதோ அங்க தண்ணியை உறிஞ்சும். ரெண்டு ஆக்சில் பிரீதர்லயும் ரப்பர் டியூப் மாட்டி, என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்க. கொஞ்சம் டியூப், நாலு கிளிப். இந்த வண்டிக்குப் பண்ற வேலையில செலவுக்கு மேல பலன் குடுக்குறது இதுதான்.

இ20 பத்தி: 2004-ல இருந்த ரப்பரும் கேஸ்கெட்டும் எத்தனாலுக்குன்னு செஞ்சது இல்ல. பெட்ரோல் ஹோஸ் ஊறி உப்பும், இல்ல வெடிக்கும். டேங்க்ல இருந்து ஃபில்டர், அங்கிருந்து என்ஜின் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குறதா மாத்துங்க. எம்பிஎஃப்ஐக்குப் பிரஷர் தாங்குற ஹோஸ்தான் போடணும், கார்புரேட்டர் ஹோஸைப் போட்டா தீப்பிடிக்கிற ஆபத்து. பழைய டேங்க்ல படிஞ்ச அழுக்கை எத்தனால் கரைச்சுக் கொண்டு வரும், அதனால ஆரம்பத்துல ஃபில்டரைச் சீக்கிரமா மாத்தணும். வண்டியை மாசக் கணக்கா நிறுத்தி வைக்காதீங்க. எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும், டேங்க் உள்ளேயே துரு பிடிக்கும்.

கமான்_பட்டை:

டயர் கேள்விக்கு நான் சொல்றேன். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. வரும். 215/75 போட்டா 703, அதாவது 5 சதவீதம் பெருசு. 235/75 போட்டா 733, கிட்டத்தட்ட 10 சதவீதம். டயர் பெருசானா ஒவ்வொரு கியரும் அவ்வளவு நீளமாகும். ஏற்கெனவே லோ ரேஞ்ச் குறைவுன்னு மேல சொன்னாரே, அதை நீங்களே இன்னும் குறைக்கிறீங்க. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 66. முழுசா ஒடிச்சா கமான் பட்டைப் பக்கமும் பாடி ஓரத்துலயும் உரசும், பிரேக்குக்கும் சுமை. 215/75 ஆல் டெரெய்ன் போதும், வண்டியோட உயரத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

பெரிய டயர்ல தேடுற பலன் காத்தைக் குறைச்சாலே கிடைக்கும். தார் ரோட்டுக்கு 26-28 பிஎஸ்ஐ வைக்கிறீங்கன்னா, மண் பாதை ஆரம்பத்துல 16-18க்கு இறக்குங்க. டயர் நீளவாக்குல பரவி மண்ணைப் பிடிக்கும், கல்லுல குதிக்கிறதும் குறையும். அந்தக் காத்தோட 30-35க்கு மேல ஓட்டாதீங்க, திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏத்த ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலயே கிடக்கட்டும்.

ஃபோர் வீல் போடுற முறை: ஈர மண் வர்றதுக்கு முன்னாடியே இறங்கி ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணுங்க. மாட்டின பிறகு சேத்துல மண்டி போட்டுத் திருப்பணும்னா கஷ்டம். 4L-க்கு வண்டியை நிறுத்திட்டு, கிளட்ச் மிதிச்சு, லீவரைத் தயங்காம ஒரே இழுப்பா இழுங்க. நடு டிஃபரென்ஷியல் கிடையாது, அதனால காஞ்ச தார் ரோட்டுல 4H போட்டு வளைக்கவே கூடாது. முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணை ஒண்ணு முறுக்கி, கிராஸோ டிரான்ஸ்ஃபர் கியரோ போகும். லீவர் திரும்ப 2H-க்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலைக்கு) வர மறுத்தா அந்த முறுக்குதான் காரணம். அஞ்சாறு அடி ரிவர்ஸ் போனா விட்டுடும்.

குறுக்கே சக்கரம் தூக்கிச் சும்மா சுத்தினா, ஆக்சிலரேட்டரை அப்படியே பிடிச்சுக்கிட்டு இடது காலால பிரேக்கை லேசா அழுத்துங்க. சுத்துற சக்கரம் தடுக்கப்பட்டதும் தரையில இருக்கிற சக்கரத்துக்குக் கொஞ்சம் சக்தி போகும். எப்பவும் வேலை செய்யும்னு சொல்ல முடியாது, ஆனா பல சமயம் அந்த ஒரு அடி நகர்ந்துடும். இன்னொண்ணு, கிரவுன் உருண்டை ஆக்சில் நடுவுல இல்லாம ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எந்தப் பக்கம்னு குனிஞ்சு பாத்து மனசுல வச்சுக்கிட்டு, பாதை நடுவுல கல் வந்தா அது மறுபக்கமா போற மாதிரி ஓட்டுங்க.

ஆர்சி_புக்:

காகித வேலையை யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. 2004 வண்டி என்றால் 15 வருடப் பதிவு முடிந்திருக்கும். புதுப்பித்த ஆர்சி கையில் இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். புதுப்பித்தல் 5 வருடத்துக்குத்தான். 20 வருடம் தாண்டிய காருக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி தனி. தமிழ்நாட்டில் டெல்லி போல 15 வருடப் பெட்ரோல் வண்டியை நிறுத்தச் சொல்லும் விதி இல்லை.

சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியிலேயே துடைத்துப் படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எஸ்டீம் என்ஜின் மாற்றி வைத்த ஜிப்சிகள் நிறைய. அது ஆர்சியில் ஏறியிருக்கா என்பதுதான் கேள்வி. ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல ஆவணத்திலிருந்து இப்போதைய உரிமையாளர் வரை தொடர்ச்சி அறாமல் இருக்க வேண்டும். ஹார்ட் டாப் மாட்டியது, வண்டியின் உயரத்தைக் கூட்டியது போன்ற மாற்றங்களையும் கவனியுங்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபின், புதுப்பிக்கப் போகும் இடத்தில் இதைக் கேட்கிறார்கள்.

உங்கள் பாதையில் எந்தத் துண்டாவது வனத்துறை நிலத்தில் போகிறது என்றால் போக்குவரத்து அனுமதியை எழுத்தில் வாங்கி வண்டியில் வையுங்கள்.

ஸ்பேனர்_செட்:

தளத்து ஓட்டைக்கு மேல தகடு ஒட்ட விடாதீங்க தம்பி. சுத்தி நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை ஓரம் முழுக்க வெல்டு பண்ணி, மேலயும் கீழயும் ரெட் ஆக்சைடு, அப்புறம் அடியில மட்டும் அண்டர்கோட். மேட்டு அடியில ஈரம் தங்காம இருக்க அந்தத் தளத்துல இருக்கிற வடிகால் ரப்பர் அடைப்பான்களை மழைக்காலத்துல கழட்டியே வைங்க. ஓடையில இறங்குறதுக்கு முன்னாடி மட்டும் மாட்டினா போதும்.